உடல் முதலில், நாக்கு பிறகு: எளிய யோகாசனங்கள் வழியாகக் குழந்தைகளுக்கு ஜப்பானியச் சொற்கள்

வஜ்ராசனத்தில் உட்காரத் தெரிந்த குழந்தைக்கு ஒரு ஜப்பானியச் சொல் ஏற்கெனவே பாதி தெரியும். முழங்கால்களை மடக்கி, குதிகால்களின் மேல் முதுகு நிமிர்ந்து அமரும் அந்த இருக்கையை ஜப்பானியர் ‘ஸேஸ’ என்கிறார்கள். பாய் விரித்த தத்தாமி அறையிலும், தேநீர்ச் சடங்கிலும், ஜூடோ, கெண்டோ பயிற்சிக்கூடங்களிலும் மரியாதையாக அமர்வது என்றால் இப்படி அமர்வதுதான். ஆறு வயதுக் குழந்தை ஒன்று அவ்வாறு உட்கார்ந்திருக்கும்போது நாம் ‘ஸேஸ’ என்று சொன்னால், அதற்குத் தமிழில் பொருள் சொல்ல வேண்டிய தேவையே எழாது. மடங்கிய முழங்காலும் நிமிர்ந்த முதுகும் பொருளைச் சொல்லிவிடுகின்றன.

எளிய ஆசனங்கள் வழியாக ஜப்பானியச் சொற்களைக் கற்பிப்பது என்பதன் அடிப்படை இதுதான். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இன்னொரு மொழியை நிறுத்தாமல், குழந்தையின் உடலையே அங்கே நிறுத்துகிறோம். ‘நெகொ என்றால் பூனை’ என்று மனப்பாடம் செய்த குழந்தை, ‘நெகொ’ என்று கேட்டதும் முதலில் ‘பூனை’ என்ற தமிழ்ச் சொல்லைத் தேடிப் போகிறது. கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி முதுகை வளைத்தபடி ‘நெகொ’ என்று கேட்ட குழந்தைக்கோ அந்தச் சுற்றுவழி இல்லை. இதைப் புதிதாக முயல நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இந்த முறை எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே கவனம் தேவைப்படுகிறது, எந்த இடத்தில் இதன் எல்லை முடிகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிப்பதற்கு முன் ஒரு சிறு குறிப்பு. இங்கே ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவுமே எழுதியிருக்கிறேன். ‘நெகொ’ என்பதன் இறுதியில் உள்ள ஒகரத்தை நீட்டக் கூடாது. தமிழில் சொல்லின் இறுதியில் அப்படிக் குறில் வருவது கண்ணுக்குப் பழக்கமில்லாத ஒன்றுதான் என்றாலும், ஜப்பானியத்தில் நீளம் மாறினால் சொல்லே மாறிவிடும். ‘ஒபஸன்’ என்றால் அத்தை அல்லது சித்தி. ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது

உடலசைவு வழியாக அயல்மொழி கற்பிப்பதை ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர். தாய்மொழி பேசத் தொடங்கும் முன்பே குழந்தைகள் ‘இங்கே வா’, ‘அதை எடு’, ‘கையைக் காட்டு’ போன்ற நூற்றுக்கணக்கான ஏவல்களுக்கு உடலால் விடை சொல்லிவிடுகின்றன என்பதை அவர் கவனித்தார். பேச்சு அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான் வருகிறது. அப்படியானால் இரண்டாம் மொழியிலும் கேட்டுச் செய்வதை முதலில் வைத்து, பேசுவதைப் பின்னுக்குத் தள்ளினால் என்ன என்பதே அவருடைய கேள்வி. ‘முழு உடல் எதிர்வினை’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்த முறையைப் பற்றி அவர் 1965-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று ருஷ்ய மொழியைப் பற்றியது; குனிஹிரா என்ற ஆய்வாளரோடு இணைந்து செய்த மற்றொன்று ஜப்பானிய மொழியைப் பற்றியது. ஜப்பானியத்தில் ‘எழு’, ‘நட’, ‘நில்’, ‘திரும்பு’, ‘உட்கார்’ என்ற ஏவல்களைச் சொல்ல, கற்பவர்கள் வாய் திறக்காமல் அவற்றைச் செய்தார்கள். ஆக, இந்த முறைக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள உறவு அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

ஆஷர் யோகாவைப் பயன்படுத்தவில்லை. நடப்பதும் குதிப்பதும் போதும் என்றால், ஆசனங்கள் எதற்கு? மூன்று காரணங்களைச் சொல்வேன். ஓடும் குழந்தையின் காதில் சொல் சரியாக விழுவதில்லை. ஆசனத்தில் நிற்கும் குழந்தை அசையாமல் இருக்கிறது, அந்த அசையா நிலையில் சொல்லை இரண்டு மூன்று முறை அமைதியாகக் கேட்க நேரம் கிடைக்கிறது. அடுத்து, ஆசனங்களின் பெயர்களே குழந்தைக்கு முதலில் தேவைப்படும் பெயர்ச்சொற்களாக இருக்கின்றன: மரம், மலை, பாலம், படகு, பூனை, நாய், பாம்பு, ஆமை, தவளை, வண்ணத்துப்பூச்சி. மூன்றாவது மூச்சு. ஜப்பானிய ஒலிக்கு மூச்சின் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் என் பார்வையில் இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

யோகம் என்ற சொல்லே ஜப்பானுக்கு இரு முறை போயிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நாலந்தாவில் பயின்று திரும்பிய சீனத் துறவி யுவான் சுவாங், யோகாசாரம் என்னும் பௌத்தப் பிரிவின் நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். அந்த மரபு ஜப்பானுக்குச் சென்று, நாரா நகரின் கோஃபுகுஜி, யகுஷிஜி கோயில்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. அந்தப் பழைய பௌத்தச் சொல்லை ஜப்பானியர் ‘யுக’ என்று படிப்பார்கள். உடற்பயிற்சியாக நவீன காலத்தில் வந்து சேர்ந்ததை ‘யொக’ என்கிறார்கள். மூலம் ஒன்று, சொற்கள் இரண்டு.

தமிழ்க் குழந்தைக்கு வாய்த்த வசதி

ஜப்பானிய யோகா வகுப்புகளில் ஆசனப் பெயர்கள் மிக எளிய அமைப்பில் வழங்குகின்றன. ‘நெகொ நொ போஸு’ என்றால் பூனையின் நிலை. ‘கி நொ போஸு’ மரத்தின் நிலை. ‘யம நொ போஸு’ மலையின் நிலை, அதாவது நம் தாடாசனம். ‘ஹஷி நொ போஸு’ பாலத்தின் நிலை, அதாவது சேதுபந்தாசனம். நடுவில் வரும் ‘நொ’ என்பது நம் ‘இன்’ உருபின் வேலையைச் செய்கிறது, அதுவும் நாம் வைக்கும் அதே இடத்தில் நின்று. வேறு பல மொழிக் குழந்தைகள் சொல்வரிசையைத் தலைகீழாக்கிப் பழக வேண்டிய இடத்தில், தமிழ்க் குழந்தை சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இந்த ஒற்றுமை இன்னும் ஆழமானது. ‘மிகி தெ ஒ அகெதெ’ என்ற ஏவலைப் பிரித்துப் பாருங்கள். ‘மிகி’ வலது, ‘தெ’ கை, ‘ஒ’ என்பது ‘ஐ’ உருபு, ‘அகெதெ’ உயர்த்தி. வலது கையை உயர்த்தி. சொல்லுக்குச் சொல் அப்படியே. ‘அகெதெ’, ‘தத்தெ’ (எழுந்து), ‘ஸுவத்தெ’ (உட்கார்ந்து) என்று ‘தெ’ அல்லது ‘த்தெ’ என முடியும் வடிவம் நம் வினையெச்சத்தைப் போலவே இயங்குகிறது. குழந்தைகளிடம் பேசும்போது அந்த எச்சமே மென்மையான ஏவலாகவும் நின்றுவிடும். மரியாதை சேர்க்க வேண்டுமானால் பின்னால் ‘குதஸை’ என்று சேர்ப்பார்கள். ‘தாருங்கள்’ என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு ‘யத்தெ மிதெ’ என்பது. ‘யத்தெ’ என்றால் செய்து. ‘மிதெ’ என்பது ‘பார்’ என்னும் வினையிலிருந்து வருவது. நாம் ‘செய்து பார்’ என்று சொல்லும்போது கண்ணால் பார்ப்பதைக் குறிப்பதில்லை, முயல்வதைத்தான் குறிக்கிறோம்; ஜப்பானியரும் அதே வினையை அதே இடத்தில் வைத்து அதே பொருளில்தான் சொல்கிறார்கள். புதிய ஆசனத்தைக் காட்டிவிட்டு ‘யத்தெ மிதெ’ என்று சொன்னால் தமிழ்க் குழந்தைக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டதைத் தமிழ் வாசகர் பலர் அறிவர். வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. குழந்தைக்குக் கற்பிக்கும் நமக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை; ஒத்த அமைப்பு கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

மூச்சும் மாத்திரையும்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு மாத்திரை என்ற அளவு தெரியும்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானிய மொழியும் இப்படித்தான் நேரத்தை அளக்கிறது, ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. அங்கே ‘ன்’ போன்ற மெய்க்கும் முழுமையான ஒரு மாத்திரை உண்டு. ‘த்தெ’ போன்ற இரட்டிப்பில் முதலில் வரும் மெய்க்கும், அதாவது நாக்கு அடைத்துக்கொண்டு ஒலியே வராமல் நிற்கும் அந்தக் கணத்துக்கும், முழு மாத்திரை உண்டு. ‘ஸன்’ என்றால் மூன்று. அதற்கு இரண்டு தட்டு. ‘தத்தெ’ என்பதற்கு மூன்று தட்டு: த, த், தெ.

இதைக் கரும்பலகையில் விளக்கினால் குழந்தைக்குப் புரியாது. மூச்சில் வைத்தால் புரியும். மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லும் ஏவல் ‘இகி ஒ ஸுத்தெ’. வெளியே விடச் சொல்லும் ஏவல் ‘இகி ஒ ஹஇதெ’. ‘இகி’ என்றால் மூச்சு. ‘ஸு-த்-தெ’ மூன்று மாத்திரை. ‘ஹ-இ-தெ’யும் மூன்று மாத்திரை. இழுப்பதும் விடுவதும் ஒரே நீளம். ஆசிரியர் சீராகச் சொல்லிக்கொண்டே வந்தால், குழந்தையின் மூச்சும் சீராகிறது, காதும் அளவைப் பிடித்துக்கொள்கிறது. இவை இரண்டையும் ஒரே செயலால் கற்பிக்க முடிவது இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆசனத்தில் நிற்கும் நேரத்தை எண்ணுவதற்கு ‘இச்சி, நி, ஸன், ஷி, கொ, ரொகு, ஷிச்சி, ஹச்சி, க்யூ, ஜூ’ என்று ஒன்று முதல் பத்து வரை சொல்லலாம். ஜப்பானியக் குழந்தைகள் எண்களை உடலோடு சேர்த்துக் கேட்கும் ஓர் இடம் ‘ரஜிஒ தைஸோ’ எனப்படும் வானொலி உடற்பயிற்சி. 1928-இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு இன்றும் காலை 6.30 மணிக்குத் தொடர்கிறது. கோடை விடுமுறையில் பல ஊர்களில் குழந்தைகள் பூங்காவில் கூடிப் பயிற்சி செய்து, கழுத்தில் தொங்கும் அட்டையில் அன்றைய முத்திரையைக் குத்தி வாங்கிச் செல்வார்கள். அங்கே எண்ணிக்கை பியானோ இசையோடு எட்டு எட்டாகச் செல்லும்.

எண்களைவிடச் சுவையான ஒரு வழியும் உண்டு. ஜப்பானியச் சிறுவர்கள் கண்ணாமூச்சி போன்ற விளையாட்டுகளில் பத்து எண்ணுவதற்குப் பதிலாக ‘தருமஸன் க கொரொன்த’ என்று சொல்வதுண்டு. ‘தருமர் உருண்டு விழுந்தார்’ என்பது பொருள். த, ரு, ம, ஸ, ன், க, கொ, ரொ, ன், த: எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து மாத்திரை. இதுவே தனி விளையாட்டாகவும் இருக்கிறது. ஒருவர் சுவரைப் பார்த்தபடி இதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்புவார். மற்றவர்கள் அந்தக் கணமே உறைந்து நிற்க வேண்டும், அசைந்தவர் பிடிபடுவார். நம் பிள்ளைகள் ஆடும் ‘ஸ்டாச்சு’ விளையாட்டின் நெருங்கிய உறவு. இதில் வரும் தருமர் வேறு யாருமல்லர், போதிதர்மர். தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றவர் என்று மரபு சொல்லும், தமிழர் காஞ்சிபுரத்தோடு இணைத்துப் பேசும் அதே துறவி. ஜப்பானில் அவர் தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும் சிவப்புப் பொம்மையாகக் கடைகளில் அமர்ந்திருக்கிறார். விருக்ஷாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் குழந்தை இந்த வரி முடியும் வரை விழாமல் நிற்க முயல்வதைப் பார்ப்பது ஆசிரியருக்கு ஒரு நிறைவு. மூச்சை அடக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வரியை வாய்விட்டுச் சொல்லும் குழந்தை மூச்சை அடக்க முடியாது.

தமிழ் எழுத்து செய்யும் உதவியும் தடையும்

தொடக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுக் குழந்தைகளோடு நடத்திய வகுப்பில், வசதியாக இருக்கட்டும் என்று சொற்களைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதிப் போட்டேன். அடுத்த நிமிடமே எல்லாக் குழந்தைகளும், தமிழில் ‘நகம்’ என்பதை எப்படிச் சொல்வோமோ அந்தக் ககரத்தோடு, ‘நெகொ’வை மென்மையாக்கிப் படித்தார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் க, த, ப ஆகியவற்றைத் தமிழ் நாக்கு இயல்பாகவே மென்மையாக்கிவிடும். சரி செய்வதற்காக ‘நெக்கொ’ என்று எழுதினேன். இப்போது குழந்தைகள் அழுத்தி இரட்டித்துச் சொன்னார்கள், ஒரு மாத்திரை கூடிவிட்டது. ஜப்பானியருக்குத் தேவையான ஒலி இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: வல்லினமாகவும் இருக்க வேண்டும், ஒற்றையாகவும் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அதை நேராகக் காட்ட வழியில்லை. ‘மிகி’ (வலது), ‘இகி’ (மூச்சு) இரண்டிலும் நாம் ‘கி’ என்றே எழுதுகிறோம்; ஆனால் முன்னதில் வருவது ‘மகிழ்ச்சி’யில் ஒலிக்கும் மென்மையான ககரத்தைச் சற்று அழுத்திய ஒலி, பின்னதில் வருவது ‘கிளி’யின் முதலில் ஒலிக்கும் வன்மையான ககரம். ‘இச்சி’, ‘ஹச்சி’ என்று நான் மேலே எழுதிய எண்களிலும் சகரத்தை அழுத்தாமல் ஒற்றையாகத்தான் சொல்ல வேண்டும்.

அன்றோடு பலகையைத் துடைத்துவிட்டேன். இந்த முறையில் முதல் சில மாதங்களுக்கு எழுத்தே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழந்தை காதால் கேட்டு உடலால் செய்யும் வரையில் நாக்கு தமிழ் எழுத்தின் பழக்கத்துக்குள் விழுவதில்லை. ஆசிரியருக்கே இந்த ஒலிகளில் ஐயம் இருந்தால், ஜப்பானியர் பேசிய ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுக் குழந்தைகளோடு தானும் சேர்ந்து செய்வது நல்லது.

நமக்கு இயல்பாகவே கைகொடுக்கும் ஒலிகளும் உண்டு. பூனை கத்துவதை ஜப்பானியர் ‘ஞா’ என்பார்கள். ஞகரம் நம் எழுத்து. ஜப்பானியத் தகரம் ஆங்கிலத்தில் பழகிய டகரத்தைவிட நம் தகரத்துக்கே நெருக்கமானது. ‘தெ’ (கை), ‘அதம’ (தலை), ‘கத’ (தோள்) ஆகியவற்றை ‘டெ’, ‘அடமா’ என்று சொல்லும் பழக்கத்தை முளையிலேயே நிறுத்திவிடுங்கள்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோக்கியோப் பேச்சில் ‘ஹஷி’ என்ற சொல்லைத் தாழ்ந்து தொடங்கி உயர்த்தினால் பாலம். உயர்ந்து தொடங்கித் தாழ்த்தினால் உணவு உண்ணும் குச்சிகள். கியோத்தோ வட்டாரத்தில் இது அப்படியே தலைகீழாகும். இதைச் சிறு குழந்தைக்கு விதியாகச் சொல்ல முடியாது. பாலத்தின் நிலையில் மல்லாந்து படுத்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பு மேலே எழும் அந்தக் கணத்தில் குரலையும் உயர்த்தி ‘ஹஷி’ என்று சொல்லிப் பாருங்கள். இடுப்போடு குரலும் ஏறுகிறது. இரண்டு வாரத்தில் குழந்தைகள் பாலத்துக்கான ஏற்றத்தைத் தவறாமல் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

இரட்டைக்கிளவி என்னும் பொக்கிஷம்

பிரித்தால் பொருள் தராத ‘சரசர’, ‘படபட’, ‘பளபள’ போன்றவற்றை நாம் இரட்டைக்கிளவி என்கிறோம். ஜப்பானியத்தில் இவை ஏராளம். குழந்தைகளின் பேச்சிலும் படக்கதைகளிலும் இவை இல்லாத பக்கமே இராது. பாடப்புத்தக வழியில் மொழி கற்பவர்களுக்கு இவை பெரும் சுமையாக இருப்பதற்குக் காரணம், இவற்றின் பொருளை இன்னொரு சொல்லால் சொல்லிவிட முடியாததுதான். உடலால் சொல்லிவிடலாம். மரத்தின் நிலையில் கால் தள்ளாடும்போது ‘குரகுர’ (முதல் ககரம் மென்மையானது). ஆமையைப் போல மெல்ல ஊரும்போது ‘நொரொநொரொ’. பாம்பாக நெளியும்போது ‘ஞொரொஞொரொ’. தவளையாகக் குந்தியிருந்து துள்ளும்போது ‘ப்யொன்ப்யொன்’. உள்ளங்கால்களைச் சேர்த்துவைக்கும் பத்தகோணாசனத்தில் அமர்ந்து முழங்கால்களை வண்ணத்துப்பூச்சியின் சிறகாக அசைக்கும்போது ‘ஹிரஹிர’. பளபளப்பதற்கு ‘பிகபிக’, நெஞ்சு படபடப்பதற்கு ‘தொகிதொகி’. இலைகள் உரசும் ஒலிக்கு ஜப்பானியத்திலும் ‘ஸரஸர’ உண்டு என்று சொன்னபோது குழந்தைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கண்டு, இவற்றை நான் பெயர்ச்சொற்களுக்கு முன்பாகவே கற்பிக்கத் தொடங்கினேன்.

விலங்குப் பெயர்களோடு ஜப்பானியர் வைத்திருக்கும் சிறு நம்பிக்கைகளையும் போகிற போக்கில் சொல்லலாம். ‘கஎரு’ என்றால் தவளை. ‘திரும்பி வருதல்’ என்ற வினையும் ‘கஎரு’தான், குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. அதனால் பயணம் போகிறவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று தவளைப் பொம்மையைக் கொடுப்பார்கள். நாரை ஆயிரம் ஆண்டு, ஆமை பத்தாயிரம் ஆண்டு வாழும் என்பது அங்கே பழமொழி. ஒரு சொல்லுக்கு ஒரு செய்தி போதும். அதற்கு மேல் சொன்னால் வகுப்பு கதையாகிவிடும்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்

இருபது நிமிடம் போதும். ஒரு வகுப்புக்குப் புதிய சொற்கள் நான்கு அல்லது ஐந்து. மீதி நேரம் முழுவதும் பழைய சொற்கள். முதல் முறை ஆசிரியர் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், குழந்தைகளும் உடன் செய்வார்கள். இரண்டாம் முறை சொல்லிவிட்டு, ஒரு மூச்சு பொறுத்துப் பிறகு செய்ய வேண்டும். கூர்மையான குழந்தைகள் ஆசிரியருக்கு முன்பே அசைந்திருப்பார்கள். மூன்றாம் முறை ஆசிரியர் அசையாமல் நின்று சொல்ல மட்டும் வேண்டும். இந்த மூன்றும் முடிந்தபின் வருவதுதான் உண்மையான சோதனை: குழந்தைகள் இதுவரை கேட்டிராத சேர்க்கையைச் சொல்ல வேண்டும். ‘தெ’ தெரியும், ‘அதம’ தெரியும், ‘அஷி’ (கால்) தெரியும், ‘அகெதெ’ தெரியும். பூனை நிலையில் இருக்கும்போது திடீரென்று ‘மிகி அஷி ஒ அகெதெ’ என்று சொன்னால், ஒரு கணம் தயங்கி, பிறகு ஒவ்வொரு காலாகப் பின்னால் எழுகிறது. கேட்டிராத வாக்கியத்தைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். மனப்பாடத்தால் இந்த இடத்துக்கு வர முடியாது.

வலம், இடம் கற்பிக்கும்போது ஆசிரியர் நிற்கும் திசையில் கவனம் தேவை. குழந்தைகளை நோக்கி நின்றால் அவர்கள் கண்ணாடியைப் பார்ப்பது போல நம்மைப் பின்பற்றுவார்கள். ஆகவே ‘மிகி’ என்று சொல்லும்போது நாம் இடது கையை உயர்த்த வேண்டும், அல்லது அவர்களுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஒரு நாள் இதை மறந்து, ‘மிகி’ என்று சொல்லிக்கொண்டே என் வலது கையைத் தூக்கினேன். எல்லாருடைய இடது கையும் மேலே போயிற்று. நான்கு வாரங்களாக ஒரு சொல்கூடப் பேசாமல் ஓரமாக நின்று எல்லாவற்றையும் செய்துவந்த ஒரு சிறுமி, தூக்கிய தன் கையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, ‘ஹிதரி’ என்றாள். இடது என்பதற்கான சொல். அவள் வாயிலிருந்து வந்த முதல் ஜப்பானியச் சொல் அது. என்னைத் திருத்துவதற்காக வந்தது. பேசாத குழந்தையைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று ஆஷர் ஏன் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னார் என்பது எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

உட்காரும் விதங்களுக்கு ஜப்பானியத்தில் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், ஓய்வு நேரத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. வஜ்ராசனம் ‘ஸேஸ’, சம்மணமிட்டு அமர்வது ‘அகுர’, முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு அமர்வது ‘தைஇகு ஸுவரி’, அதாவது உடற்பயிற்சி வகுப்பு இருக்கை. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் அப்படித்தான் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கைகளைக் கூப்புவது ‘கஷ்ஷோ’. இங்கே தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லிவைப்பது அவசியம்: ஜப்பானில் ஒருவரைச் சந்திக்கும்போது கைகூப்பி வணங்கும் வழக்கம் இல்லை, இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்துவார்கள், அதற்கு ‘ஒஜிகி’ என்று பெயர். கைகூப்புவது கோயிலிலும், சாப்பிடத் தொடங்கும் முன் ‘இததகிமஸ்’ என்று சொல்லும்போதும்தான். ஆகவே வகுப்பை ‘ஒஜிகி’யோடு தொடங்கி ‘ஒஜிகி’யோடு முடிப்பதே பொருத்தம்.

சவாசனத்தின் ஜப்பானியப் பெயரும் பிணத்தின் நிலை என்றே பொருள்படும். குழந்தைகளிடம் அந்தச் சொல் வேண்டாம். ‘மெ ஒ தொஜிதெ’ (கண்ணை மூடி) என்று சொல்லி, ‘ஒயஸுமி’ (உறங்கு) என்று விட்டுவிடலாம். அறை முழுவதும் அமைதியானதும் ‘ஷீன்’ என்று மெல்லச் சொல்லுங்கள். சத்தமே இல்லாத நிலைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் ஒலிச்சொல் அது.

பாதுகாப்பும் எல்லையும்

சொல் கற்பிக்கும் ஆர்வத்தில் உடலை மறந்துவிடக் கூடாது. சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற கழுத்தில் எடை ஏறும் ஆசனங்கள் இந்த வகுப்புக்குத் தேவையில்லை. பாலத்தின் நிலையில் தலையைத் திருப்ப விடாதீர்கள். குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தாலே திரும்பிவிடும் என்பதால், அந்த நேரத்தில் யாரையும் அழைக்காதீர்கள். மரத்தின் நிலையைச் சுவரோரமாகச் செய்யட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவுடன் செய்ய வேண்டாம். முதுகை அழுத்தியோ காலை இழுத்தோ நிலையைச் சரி செய்யக் கூடாது. ஆசனம் அழகாக வருவது இங்கே நோக்கமே அல்ல.

எல்லை என்று பார்த்தால், உடலால் நேரே காட்டத்தக்க சொற்கள் என் கணக்கில் ஐம்பது அறுபதுதான் வரும்: உறுப்புகள், விலங்குகள், திசைகள், எண்கள், அன்றாட ஏவல்கள், ஒலிக்குறிப்புகள். ‘நேற்று’, ‘நண்பன்’, ‘பிடிக்கும்’ போன்றவற்றை ஆசனமாக்க முயன்றால் அது ஊமை நாடகமாகிவிடும், மொழி வராது. அவற்றுக்குப் படமும் கதையும் உரையாடலும் வேண்டும். பெரியவரிடம் பேசும் மரியாதை வடிவங்களையும் இந்த வகுப்பு கற்பிக்காது. ‘தத்தெ’ என்று தாத்தாவிடம் சொல்லக் கூடாது, அங்கே ‘குதஸை’யாவது வேண்டும் என்ற அளவுக்குச் சொல்லிவைக்கலாம்.

எழுத்துக்கு வருவது அதன் பிறகு. ஜப்பானிய எழுத்து முறைகளில் ஒன்றான ஹிரகனவில் அடிப்படை வடிவங்கள் 46. சில கூட்டெழுத்துகளைத் தவிர்த்தால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு மாத்திரை. ‘தத்தெ’ என்பதை மூன்று எழுத்தாக எழுத வேண்டும். நடுவில் வரும் ‘த்’ என்ற அந்த ஒலியற்ற இடைவெளிக்கு ‘ட்ஸு’ என்னும் எழுத்தைச் சிறியதாக்கிப் போடுவார்கள். பெரியவர்கள் பலர் அந்தச் சிறிய எழுத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அதில் கேட்பதற்கு எதுவும் இல்லை. ‘ஹிதரி’ என்று என்னைத் திருத்திய அந்தச் சிறுமி, முதன்முதலாக ‘ஸுத்தெ’ என்பதை எழுதியபோது ‘ஸு’வை எழுதிவிட்டு நிறுத்தினாள், பென்சிலைக் காற்றில் வைத்தபடி ஒரு கணம் மூச்சைப் பிடித்தாள், பிறகு அந்தச் சிறிய எழுத்தைப் போட்டுவிட்டு, மூச்சை விட்டு, ‘தெ’யை எழுதினாள்.